மெனு நடுவில் நிற்கவில்லை: ஸ்கேல் வைத்துக் காட்டிய பெரியவர்

பெங்களூரில் அல்சூர்ப் பக்கம் எங்கள் தெரு முருகன் கோவிலுக்கு ஆடிக் கிருத்திகைக்குள் ஒரு வலைத்தளம் செய்து தரச் சொன்னார்கள். மேலே கோபுரப் படம். அதன் கீழே முகப்பு, தல வரலாறு, பூஜை நேரம், நன்கொடை, தொடர்புக்கு என்று ஒரே வரிசையில் ஐந்து இணைப்புகள். அந்த வரிசை நட்ட நடுவில் வர வேண்டும். இதற்கே இரண்டு ராத்திரி போனது.

பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில், எல்ஐ (பட்டியலில் ஒவ்வோர் இணைப்பும் ஓர் எல்ஐ) எல்லாவற்றுக்கும் ஃப்ளோட்: லெஃப்ட், அதாவது இடப்பக்கம் ஒதுங்கு என்று கொடுத்திருந்தேன். அவற்றை அடக்கிய பட்டியலான யூஎல்லுக்கு டெக்ஸ்ட்-அலைன்: சென்டர் போட்டும் அசையவில்லை. வரிக்குள் ஓடும் எழுத்தையும் இன்லைன் பெட்டிகளையும்தான் அது நகர்த்தும், ஃப்ளோட் ஆனதைத் தொடாது. மிச்ச இடத்தை இரண்டு ஓரத்துக்கும் சமமாகப் பிரிக்கும் மார்ஜின்: 0 ஆட்டோவும் பலிக்கவில்லை. யூஎல் ஏற்கெனவே பக்கம் முழுக்க விரிந்து கிடக்கிறது, இரண்டு பக்கமும் பங்கிட மிச்ச இடம் ஏது?

கடைசியில் ஃப்ளோட்டை எடுத்துவிட்டு, யூஎல்லுக்கு டிஸ்ப்ளே: ஃப்ளெக்ஸ் (உள்ளே இருப்பதை வரிசையாக அடுக்கு), ஜஸ்டிஃபை-கன்டென்ட்: சென்டர் (அந்த வரிசையை நடுவில் நிறுத்து) என்று இரண்டே வரி எழுதினேன். வரிசை நடுவுக்கு வந்தது. வந்துவிட்டது என்றுதான் நம்பினேன்.

கமிட்டியில் ஒரு பெரியவர், மர்பி டவுனில் காலமெல்லாம் மரவேலை பார்த்தவர். லேப்டாப் திரையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பையிலிருந்து மடக்கு ஸ்கேலை எடுத்தார். முதலில் இடது ஓரத்திலிருந்து 'முகப்பு' வரை, அப்புறம் 'தொடர்புக்கு' முடியும் இடத்திலிருந்து வலது ஓரம் வரை அளந்தார்.

"தம்பி, இந்தப் பக்கம் ஒரு சென்டிமீட்டர் கூட இருக்கே."

பக்கத்தின் அமைப்பைக் காட்டும் பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து யூஎல் மேல் மவுஸை வைத்தேன். இடது ஓரத்தில் மட்டும் ஒரு பச்சைப் பட்டை: பேடிங் (பெட்டிக்குள் ஓரமாக விடும் இடம்), 40 பிக்சல். பட்டியலின் புள்ளிகளுக்காக பிரவுசர் தானாக ஒதுக்கி வைக்கிற இடம் அது. லிஸ்ட்-ஸ்டைல்: நன் போட்டால் புள்ளி போகும், இடம் போகாது. அதனால் மொத்த வரிசையும் 20 பிக்சல் வலப்பக்கம் தள்ளி நின்றிருக்கிறது. பேடிங்: 0 எழுதினேன். ஐயா மறுபடி அளந்து பார்த்துவிட்டு, "இப்போ சரி" என்றார். ஆபீசில் எத்தனையோ பேர் என் வேலையைச் சரிபார்த்திருக்கிறார்கள், இவ்வளவு நிறைவு எனக்குக் கிடைத்ததில்லை.

செல்போனில் இன்னொரு சிக்கல். 'பூஜை நேரம்' இரண்டு வரியாக உடையக்கூடாதென்று வைட்-ஸ்பேஸ்: நோராப் கொடுத்திருந்தேன். வரிசை திரையை மீறி இரண்டு பக்கமும் வழிந்தது. வலப்பக்கம் வழிந்ததையாவது தள்ளிப் பார்க்கலாம், இடப்பக்கம் போன 'முகப்பு'வை எட்டவே முடியாது. ஃப்ளெக்ஸ்-ராப்: ராப் சேர்த்ததும் மிஞ்சியவை அடுத்த வரியில், அதுவும் நடுவிலேயே வந்து உட்கார்ந்தன.

* * *

இதைப் படித்த ஒருவர் எழுதிய பதில்: அண்ணா, ஒயிட்ஃபீல்டிலிருந்து நான். மார்ஜின் ஆட்டோவை ஒரேயடியாக ஒதுக்கிவிடாதீர்கள். எங்கள் பழைய பக்கத்தில் மெனுவுக்கு 600 பிக்சல் அகலம் கொடுத்து, மார்ஜின் ஆட்டோவால்தான் நடுவில் நிறுத்தியிருந்தார்கள். ஆங்கிலத்தில் 'ஈவன்ட்ஸ்' அடங்கிய இடத்தில், தமிழில் 'நிகழ்ச்சிகள்' என்று மாற்றியதும் கடைசி இணைப்பு கீழே விழுந்துவிட்டது. 600-ஐ எடுத்துவிட்டு வித்: ஃபிட்-கன்டென்ட் என்று போட்டேன். சொல் எவ்வளவு நீளமோ அவ்வளவு அகலம், மிச்சத்தை ஆட்டோ இரண்டு பக்கமும் பிரித்துக்கொள்கிறது. கன்னடப் பக்கத்துக்கும் அதே வரிதான், தனியாக எதையும் தொடவில்லை.