எம்.ஏ ப்ராஜெக்ட்டுக்கு கதை, படம் பேரு சொல்லி உதவுங்க

அண்ணா அக்கா எல்லாருக்கும் வணக்கம். ஊரு குடியாத்தம் பக்கம், வேலூர்ல எம்.ஏ இங்கிலீஷ் ஃபைனல் இயர் படிக்கிறேன். ப்ராஜெக்ட் அமெரிக்க நிறவெறியும் நம்ம சாதியும் கதையிலயும் சினிமாவுலயும் எப்படி வருதுன்னு. ரொம்ப பெருசு, சுருக்குன்னு கைடு சொன்னாங்க, அதனால 'தொடாம இருக்கறது' மட்டும் எடுத்திருக்கேன்.

டோனி மாரிசன் 1970ல எழுதின 'தி ப்ளூயஸ்ட் ஐ' நாவல்ல பெக்கோலான்னு ஒரு கறுப்பின பொண்ணு மிட்டாய் வாங்க காசு நீட்டுவா, கடைக்காரன் அவ கை மேல படக்கூடாதுன்னு தயங்குவான். 1992ல வந்த பாமாவோட தன்வரலாறு 'கருக்கு'ல ஒரு தலித் பெரியவர் மேல்சாதிக்காரருக்கு கொண்டு போற பலகாரப் பொட்டலத்தை கை படாம நூலைப் புடிச்சு தூக்கிட்டு போவாரு, விஷயம் தெரியாத சின்னப்பொண்ணு அதைப் பாத்து சிரிக்கும், அப்புறம் அண்ணன் சொல்லித்தான் ஏன்னு புரியும். ரெண்டையும் அடுத்தடுத்து படிச்சிட்டு எனக்கு அழுகையே வந்துடுச்சு. நிறவெறியும் சாதியும் ஒண்ணுன்னு சொல்ல வரல, ஒரே நிறத்துல இருக்கறவங்களுக்குள்ளயே நடக்கறது சாதி, அந்த வித்தியாசத்தையும் எழுதணும்.

'பரியேறும் பெருமாள்' எடுத்துட்டேன். இதே மாதிரி தொடறது, தொடாதது கேமராவுல தெரியற வேற தமிழ் படம், முக்கியமா பழைய படம் இருந்தா எந்த சீன்னு சொல்லுங்க. அப்புறம் நம்ம வடாற்காடு கதைங்க வேணும். பேரணாம்பட்டு அழகிய பெரியவனோட 'தகப்பன் கொடி' நாவல் கையில இருக்கு. ஆம்பூர், வாணியம்பாடி டேனரியில (தோல் பதனிடற தொழிற்சாலை) வேலை செய்யற ஜனங்களைப் பத்தி யாராவது எழுதியிருக்காங்களா? பிடிஎஃப் எல்லாம் வேணாம், பேரு சொன்னா போதும், நானே தேடிக்கறேன்.