அலையாத்தி நாற்று: மாடியில் கருகுது, வளவில் நெட்டையா சாயுது

தேவகோட்டை:
தொண்டிப் பக்கம் எடுத்த வெண்கண்டல் (அலையாத்தி வகை) விதை, பையில் போட்டு நாலு மாசம். பாதி மொட்டைமாடியில், பாதி வீட்டுக்குள்ள வளவுத் (நடுமுற்றம்) தூணோரம். தினமும் பைக்கு 200 மில்லி கடல்தண்ணி. மாடிச்செடிக்கு இலையோரம் கருகி மேலே வெள்ளைப்பொடி. வளவுச்செடி ரெண்டு மாசம் நல்லா இருந்துட்டு இப்ப ஒல்லியா சாயுது. நிழல்வலை கட்டினா சரியாகுமா?

தொண்டிக்கரை:
வலை அப்புறம், முதல்ல உப்பு. வெள்ளைப்பொடி நோயில்லை, வேர் தடுத்தது போக உள்ளே ஏறுற உப்பை இலைச்சுரப்பி வெளியே தள்ளுது. நாக்குல வெச்சா கரிக்கும். கோளாறு பைக்குள்ள. கடல்தண்ணியில லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. உங்க கணக்குக்குத் தினம் 7 கிராம் இறங்குது. தண்ணி ஆவியாயிடும், உப்பு எங்க போகும்? கரையில ஓதம் வந்து அலசிட்டுப் போகும். பையில அதை நீங்கதான் செய்யணும்.

அடித்துளை அடைச்சிருக்கான்னு பாத்துட்டு, பை அளவுக்கு மூணு மடங்கு நல்லதண்ணியை மூணு தவணையா ஊத்தி வடிய விடுங்க. பிறகு வாரம் ஒருதரம் கடல்தண்ணி ஒரு பங்கு, நல்லதண்ணி மூணு பங்கு, அடியில சொட்டுற வரைக்கும். இடைநாள்ல நல்லதண்ணி மட்டும். கருகின இலை திரும்பாது, புது இலையைக் கவனிங்க.

தேவகோட்டை:
வடியுற தண்ணியில டிடிஎஸ் மீட்டர் (கரைஞ்ச உப்பைக் காட்டுறது) 9990லயே நிக்குதே அண்ணே?

தொண்டிக்கரை:
அது மீட்டரோட உச்சம். ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு ஆர்ஓ தண்ணி கலந்து அளந்து, பத்தால பெருக்குங்க. துல்லியம் கிடையாது, ஏறுதா இறங்குதான்னு தெரிஞ்சா போதும்.

காரைக்குடி நாற்றங்கால்:
வளவுச்செடி ரெண்டு மாசம் ஓட்டினது வித்திலைச் சேமிப்புல, அதாவது விதைக்குள்ள இருந்த சாப்பாட்டுல. அது தீர்ந்தா வெளிச்சம்தான் சோறு, தூணோரத்துல அது பத்தாது. அதுக்காக நேரா மாடிக்கு ஏத்திடாதீங்க. உப்பு கூடின செடி, காத்து போய்வர்ற இலைத்துளையை மூடிக்கும். விழுற வெயிலைப் பயன்படுத்த முடியாம இலை வெந்துபோகும். உப்பு இறங்கினாத்தான் கூடுற வெளிச்சம் வளர்ச்சியாகும். மண்ணை அலசி, 50 சதவீத நிழல்வலைக்குக் கீழ மூணு வாரம். அப்புறம் காலை வெயில் மட்டும், புது இலை தடிச்சு வந்ததும் முழு வெயில்.

தேவகோட்டை:
கடல்தண்ணிக்குப் பதிலா கல்லுப்பு கரைக்கலாமா?

காரைக்குடி நாற்றங்கால்:
வேணாம். அது பெரும்பாலும் சோடியம் குளோரைடு. கடல்ல இருக்கிற மக்னீசியம், கால்சியம் அளவு அதுல வராது. கேன்ல பிடிச்ச கடல்தண்ணியே நல்லது. நடுறதுக்கு முன்மாசம் கடல்தண்ணியை நல்லதண்ணியோட பாதிக்குப் பாதியா ஏத்துங்க, நடுற இடத்துத் தண்ணியையும் ஒருதரம் அளந்துக்குங்க.