மொழிபெயர்க்கப்படாத ஒரு கேள்வி

உச்சிப்புளியிலிருந்து ஓர் உறுப்பினர்:

போரை எதிர்த்துக்கொண்டே அந்தப் போரில் நின்ற படைவீரரை மதிக்க முடியுமா என்று இங்கே கேட்கப்பட்டிருக்கிறது. இதற்கு வாதத்தால் பதில் சொல்லும் தகுதி எனக்கில்லை. 1990-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் இராமநாதபுரம் பேருந்து நிலையத்தில் நடந்ததை, இத்தனை ஆண்டுகளாக யாரிடமும் முழுமையாகச் சொல்லாததை, இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முன் எங்கள் கடற்கரையின் அன்றைய மனநிலையைச் சொல்லியாக வேண்டும். 1987 ஜூன் 3 அன்று யாழ்ப்பாணத்து மக்களுக்கான நிவாரணப் பொருள்களை ஏற்றிக்கொண்டு இராமேசுவரத்திலிருந்து மீன்பிடிப் படகுகள் புறப்பட்டன. நம் வீட்டு அரிசியே உறவினர் வீட்டுக்குப் போவதைப்போல நாங்கள் மகிழ்ந்தோம். இலங்கைக் கடற்படை அவற்றை மறித்துத் திருப்பி அனுப்பியது. மறுநாளே இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மீது பறந்து நிவாரணப் பொருள்களைப் போட்டன. ஜூலை 29-இல் கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதன்படி அமைதியைக் காப்பதற்கென்று இலங்கைக்குப் போன இந்தியப் படை அக்டோபரில் புலிகளோடு முழுப் போரில் இறங்கியிருந்தது, அதுவும் அதே யாழ்ப்பாணத்தில். நான்கு மாதங்களுக்கு முன் சோறு அனுப்பிய நாடு இப்போது அங்கே பீரங்கியோடு நிற்கிறது என்பதை எங்களால் ஏற்க முடியவில்லை. கல்லூரி மாணவனாக இருந்த நான் கண்டன ஊர்வலங்களில் நடந்தேன். அதற்காக இன்றும் வருந்தவில்லை.

அந்தப் படையின் கடைசி அணி இலங்கையை விட்டுப் புறப்பட்டது 1990 மார்ச் 24 அன்று. திரும்பி வந்தவர்களை வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க முடியாது என்று அவர் சொன்ன காரணம் எனக்கு அப்போது முழுக்கச் சரியாகப் பட்டது. அந்தப் போரைப் பற்றிய அவருடைய மதிப்பீடு சரியென்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் எங்கள் கோபம் டெல்லியில் முடிவெடுத்தவர்களைத் தொடவே இல்லை. கப்பலிலிருந்து பெட்டியோடு இறங்கியவர்கள் மீதுதான் போய் விழுந்தது. அதை ஏப்ரலில் கண்ணால் பார்த்தேன்.

பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையில் பச்சை நிற ட்ரங்குப் பெட்டியோடு ஒருவர் நின்றுகொண்டிருந்தார். பெட்டியின் மேல் வெள்ளை வண்ணத்தில் பெயரும் எண்ணும் எழுதியிருந்ததால் அவர் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பக்கத்தில் நின்ற பெரியவர், "அங்கே நம்ம சனத்தைச் சுட்டுட்டுத்தானே வர்றே?" என்று கேட்டார். படைவீரர் பதில் சொல்லவில்லை. பாதித் தேநீரோடு கிளாசை வைத்துவிட்டு, காசை அதனருகே வைத்துவிட்டு நகர்ந்தார். அங்கே நின்ற பத்துப் பேரில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அந்தப் பத்துப் பேரில் நானும் ஒருவன். உண்மையைச் சொன்னால், பெரியவர் கேட்டது நியாயம் என்றுதான் அந்த நொடியில் நினைத்தேன்.

சித்தி வீட்டுக்குப் போவதற்காகச் சாயல்குடிப் பேருந்தில் ஏறியபோது அவருக்குப் பக்கத்து இடம்தான் கிடைத்தது. கீழக்கரை தாண்டும்வரை இருவரும் பேசவில்லை. ஏர்வாடி அருகே நான்தான், "அண்ணே, அங்கே என்ன நடந்துச்சு?" என்று கேட்டேன். அவர் வயர்லெஸ் பிரிவில் இருந்தவர். தமிழ் தெரியும் என்பதால் வீடுகளைச் சோதனையிடும்போதெல்லாம் அதிகாரிகள் அவரை மொழிபெயர்க்க அழைத்துப் போயிருக்கிறார்கள். ஒரு வீட்டில் இருந்த கிழவி அவர் பேச்சைக் கேட்டதும் அவர் முகத்தையே பார்த்து, "நீயும் தமிழ்ப் பிள்ளைதானே தம்பி, ஏன் வந்தனீ?" என்று கேட்டாளாம். என்ன சொல்கிறாள் என்று அதிகாரி இந்தியில் கேட்க, வீட்டில் வேறு யாரும் இல்லை என்று சொல்வதாக இவர் பதில் சொல்லியிருக்கிறார். "இரண்டு வருசத்துல எத்தனையோ பேர் பேசினதை இந்தியில மாத்திச் சொல்லியிருக்கேன் தம்பி. அதை மட்டும் என்னால சொல்ல முடியலை" என்றார்.

அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை என்பதில் வியப்பில்லை. பதில் வைத்திருக்க வேண்டியவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். தேநீர்க் கடையில் கேட்கப்பட்டதும் ஏறக்குறைய அதே கேள்விதான், அதே ஆளிடம்தான். அவர் இறங்கும்போது பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன். அதற்கு மேல் நான் எதுவும் செய்யவில்லை.

மண்டபத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

மேலே எழுதியவர் மனச்சாட்சியோடு எழுதியிருக்கிறார் என்பதால்தான் நானும் எழுதத் துணிகிறேன். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். 1990-இல் மன்னார் வழியாகப் படகில் வந்து தனுஷ்கோடியில் இறங்கி, மண்டபம் அகதிகள் முகாமில் வளர்ந்தவள்.

1987 அக்டோபரில் எனக்குப் பத்து வயது. சண்டை தொடங்கியதும் ஊர் முழுவதும் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலுக்குள் வந்து அடைந்தது. ஆயிரக்கணக்கானோர் படுக்க இடமின்றிச் சுவரில் சாய்ந்திருந்தோம். ஒரு வாளித் தண்ணீருக்கு அம்மா கிணற்றடியில் அரை நாள் நின்றாள். தம்பிக்குப் பால்மா வாங்கி வருகிறேன் என்று வெளியே போன மாமா ஷெல் விழுந்து இறந்தார். அது எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அந்தத் தீபாவளி நாளில், அக்டோபர் 21 அன்று, யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் இந்தியப் படையினர் புகுந்து மருத்துவர்களையும் தாதிமாரையும் நோயாளிகளையும் சுட்டுக் கொன்றார்கள். அதை என்னால் எந்த மரியாதைக்காகவும் மறக்க முடியாது.

ஆனால் அடுத்த ஆண்டு எங்கள் ஒழுங்கை முனையில் இருந்த காவலரணில் தமிழ் பேசும் ஒருவர் நின்றார். ஒரு மாலை அம்மாவின் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது, தலையை நிமிர்த்தாமலேயே, "நாளைக்கு விடியக்காலையில சுத்தி வளைப்பாங்கம்மா" என்று மட்டும் சொன்னார். அண்ணா அன்றிரவே பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டான். இந்த வார்த்தைக்காக அவருக்கு என்ன தண்டனை கிடைத்திருக்கும் என்பது வளர்ந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அந்த மனிதருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். இருந்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். படைவீரரை ஆதரிப்பது என்றால் அவர்கள் எல்லோரும் அனுப்பப்பட்ட அப்பாவிகள் என்று சொல்லி முடித்துவிடுவது என்று பொருளானால், அந்த ஆதரவை என்னால் தர இயலாது. போர் தவறு என்பது டெல்லியின் பொறுப்பு. ஆஸ்பத்திரிக்குள் துப்பாக்கி விசையை அழுத்தியது டெல்லி மட்டுமல்ல. காவலரணில் நின்றவரும் அதே சீருடையைத்தான் அணிந்திருந்தார்; அவருக்கு முடிந்தது மற்றவர்களுக்கும் முடிந்திருக்கும்.

திருவாடானையிலிருந்து ஓர் உறுப்பினர்:

என் அப்பா அந்தப் படையில் இருந்தவர். 1988-இல் வன்னிக் காட்டில் கண்ணிவெடியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். ஏ.பி.ஓ. என்ற படைத் தபால் நிலைய முகவரியிட்ட அவருடைய கடிதங்களை அம்மா இன்னும் வைத்திருக்கிறாள். எதிலும் போரைப் பற்றி ஒரு வரி கிடையாது, மாட்டுக்குத் தீவனம் வாங்கியாயிற்றா, கண்மாயில் தண்ணீர் வந்ததா என்பவைதாம் இருக்கும். வீட்டுக்கு வந்த பிறகும் அவர் பேசியதில்லை. அவரோடு போனவர்களில் 1,100-க்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்கு இறப்புக்குப் பின், படைவீரர்களுக்கான உயரிய விருதான பரம் வீர் சக்ரா வழங்கப்பட்டது. மற்றப் பெயர்களை ஊர் அறியாது. அந்தப் பெயர்களைத் தாங்கிய நினைவுச்சின்னத்தை இலங்கை அரசு கொழும்பு அருகே பத்தரமுல்லையில் எழுப்பியிருக்கிறது. அதன் படத்தைக் காட்டியபோது அப்பா கைப்பேசியை வாங்கி வெகுநேரம் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையோடு நடந்த மோதலில் உயிர்நீத்த ஹவில்தார் பழனியின் உடல் எங்கள் பக்கத்துக் கடுக்கலூருக்கு வந்தபோது அப்பா தொலைக்காட்சி முன் நின்றுகொண்டே இருந்தார். கட்டைக்காலோடு அவ்வளவு நேரம் நிற்கக் கூடாது என்று நான் சொன்னதைக் கேட்கவில்லை. எல்லாம் முடிந்து உட்கார்ந்த பிறகு, "அவர் நின்னது நம்ம எல்லைடா. நான் நின்னது யாரு எல்லை?" என்றார். அதில் பொறாமை இல்லை. முப்பத்திரண்டு ஆண்டுகளாகத் தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்ததை அன்றுதான் வெளியே கேட்டார். போரின் நோக்கத்தைக் கேள்வி கேட்பது படைவீரர்களை இழிவுபடுத்துவது என்று சிலர் சொல்லும்போது எனக்கு அப்பாவின் முகம்தான் நினைவுக்கு வருகிறது. அந்தக் கேள்வியைக் கேட்க அவரைவிட உரிமையுள்ளவர் யார்?

மண்டபத்துச் சகோதரி எழுதியதை நேற்றிரவு அவருக்குப் படித்துக் காட்டினேன். ஆஸ்பத்திரி பற்றிய பகுதியை விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தயங்கி, பிறகு படித்தேன். அவர் மறுக்கவில்லை. 1987 அக்டோபரில் அவரும் யாழ்ப்பாணத்தில்தான் இருந்தார் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. வெகுநேரம் கழித்து, அந்தப் பிள்ளையிடம் ஒன்று மட்டும் கேட்டு எழுதச் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன். கோயில் கிணற்றில் கடைசிவரை தண்ணீர் இருந்ததா, அம்மா?