புதுப்பிப்பு: ஏற்காடு போயிட்டு வந்தாச்சு

போன மாசம் எழுதியிருந்தேன்ல, சென்ட்ரிங் (கான்கிரீட் ஊத்த பலகை, ஷீட்டு அடிக்கிற வேலை) மேஸ்திரி சைட்ல நான் சொல்றத கேக்காம என் ஜூனியர் பையன்கிட்ட போய் கன்ஃபர்ம் பண்றாருன்னு, கன்ஸ்ட்ரக்‌ஷன்ல இருக்க பொம்பளைங்க சேர்ந்து ரெண்டு நாள் ஏற்காடு போறாங்க, காசு குடுத்து போலாமான்னும் கேட்டிருந்தேன். போயிட்டேன்.

மொத்தம் 14 பேர். காலைல யோகா அது இதுன்னு வச்சிருந்தாங்க, அத விடுங்க, நைட்டு காபி டம்ளரோட உக்காந்து பேசுனதுதான் விஷயமே. சைட்ல டாய்லெட் இல்லாம நாள் பூரா தண்ணி குடிக்காம யூரின் இன்ஃபெக்‌ஷன் வாங்கினது நான் மட்டும்தான்னு நெனச்சேன், பாதி பேர் கை தூக்குறாங்க! 50 பொம்பளை ஆளுங்களுக்கு மேல இருந்தா சைட்ல பிள்ளைங்களுக்கு தனி ரூம் குடுக்கணும்னு 1996 கட்டடத் தொழிலாளர் சட்டத்துலயே இருந்துச்சாம், எனக்கே தெரியாது.

மேஸ்திரி கதைய சொன்னதும் சொந்தமா கான்ட்ராக்ட் எடுக்குற ஈரோட்டு அக்கா ஒருத்தங்க, "வாயால சொல்லாத கண்ணு, சைட் ஆர்டர் புக்ல எழுதி கையெழுத்து வாங்கு"ன்னாங்க.

போன வியாழக்கிழமை, ஸ்லாப் கம்பி ஷீட்டு மேலயே படுத்துக் கெடக்கு, கம்பிய தூக்கி நிறுத்த அடில வைக்கிற 20 மி.மீ. கவர் பிளாக் ஒன்னுகூட இல்ல, கான்கிரீட் மிக்சர் வேற ஓட ஆரம்பிச்சிடுச்சு, நிறுத்துங்கன்னுட்டேன். மேஸ்திரி என் ஜூனியர் பையன பாத்தாரு, அவன் என்னைய பாத்தான். ஒன்றரை மணி நேரம் லேட்டு, ஓனர் ஃபோன்ல கத்துனாரு, புக்ல எழுதின பக்கத்த போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போட்டேன், அப்புறம் சத்தமே இல்ல.

டாய்லெட் மட்டும் இன்னும் வரல. எங்க குரூப்ல தினம் யாராச்சும் "வந்துச்சா?"ன்னு கேக்குறாங்க.