என்எஸ்200-க்கு எந்த ஸ்டாண்ட் வாங்குவது? கத்தரி ஜாக் வாங்கி மாட்டிக்கொண்டேன்

சிப்புட் பையன்

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. நான் இருப்பது மலேசியாவில் சுங்கை சிப்புட். வீட்டில் இரண்டு மோட்டார் சைக்கிள்: அப்பாவின் ஹோண்டா இஎக்ஸ்5, என்னுடைய மோடெனாஸ் பல்சர் என்எஸ்200. அப்பாவுடையதில் டபுள் ஸ்டாண்ட் உண்டு, அதில் ஒரு தொல்லையும் இல்லை. என்னுடையதில் சைடு ஸ்டாண்ட் மட்டும்தான்.

வேலைக்குப் போகும் வழியில் பாதி தூரம் செம்பனைத் தோட்டத்து மண்பாதை. மழை பெய்தால் செயின் முழுக்கச் செம்மண். வாரத்துக்கு ஒரு தடவையாவது கழுவி எண்ணெய் விடாவிட்டால் கரகரவென்று சத்தம் போடும். பின்சக்கரம் தரையில் இருக்கும்போது மோட்டாரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளித் தள்ளித் துடைத்து முதுகு போய்விட்டது.

அதனால் போன மாதம் ஆன்லைனில், திருகினால் கத்தரி மாதிரி விரிந்து தூக்கும் கத்தரி ஜாக் ஒன்று வாங்கினேன், 160 வெள்ளி (ரிங்கிட்). "எல்லா மோட்டாருக்கும் பொருந்தும்" என்று போட்டிருந்தார்கள். இஞ்சினுக்கு அடியில் வைத்துத் தூக்கினால் அது புகைப்பெட்டியில் (சைலன்சரில்) போய் உட்காருகிறது. இரண்டு திருகு திருகினேன், மோட்டார் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. நல்ல வேளை, பக்கத்து வீட்டு அண்ணன் ஓடி வந்து பிடித்தார். புகைப்பெட்டி மூடியில் ஒரு நசுங்கல். கடைக்காரருக்கு எழுதினேன், பதிலே இல்லை.

இப்போது என்ன வாங்கலாம்? பெரும்பாலும் நான் தனியாகத்தான் வேலை செய்வேன். போர்ச்சில் டைல்ஸ் போட்டிருக்கிறது, கேட்டோரம் சாக்கடைப் பக்கம் கொஞ்சம் சரிவு. கையில் 150 வெள்ளிக்கு மேல் இல்லை.

பால்மரக் கட்டை

தம்பி, அப்பாவிடம் கேட்டாயா? எங்கள் லயத்தில் எல்லாரும் பால்மரக் கட்டையை அறுத்து இஞ்சினுக்கு அடியில் கொடுத்துத்தான் டயர் கழற்றினோம். 160 வெள்ளியா!

சிப்புட் பையன்

அண்ணே, அப்பாவும் இதையேதான் சொன்னார். ஆனால் கட்டை வைத்தாலும் அதே புகைப்பெட்டி மேல்தானே உட்காரும்.

பழைய ஃபோர்மேன்

தம்பி சொல்வது சரி. கட்டையோ ஜாக்கோ, இந்த மோட்டாருக்கு நடு அடியில் எதுவும் ஆகாது. காரணத்தைச் சொல்கிறேன், அடுத்த மோட்டார் வாங்கும்போதும் உதவும்.

பழைய மோட்டார்கள் பலவற்றில் ஃபிரேம் குழாய்கள் இஞ்சினுக்குக் கீழே தொட்டில் மாதிரி வளைந்து போகும். அந்த இரண்டு குழாயில் ஜாக்கின் தட்டு சமமாக உட்காரும். என்எஸ்200-இல் ஃபிரேம் இஞ்சினுக்கு மேலேயும் இரு பக்கமும் போகிறது. அடியில் குழாயே கிடையாது, இஞ்சின் தொங்குகிறது, அதற்குக் கீழே புகைப்பெட்டி. டபுள் ஸ்டாண்ட் மாட்ட இடம் இல்லாமல் போனதும் அதனால்தான். 2017-இல் மோடெனாஸ் பேரில் இந்த மோட்டாரும் ஆர்எஸ்200-உம் இங்கே வந்தபோது பட்டறையில் நாங்களும் முதலில் ஜாக்கைத்தான் தள்ளிப் பார்த்தோம். உன்னைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அதே புகைப்பெட்டி உனக்கு ஒரு நல்லதும் செய்திருக்கிறது. பின்னால் நீளமான குழாய் இல்லாததால், பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மின் இரண்டு பக்கமும் காலி. அதனால் பின்பக்க பேடாக் ஸ்டாண்ட் வாங்கு, கைப்பிடியை அழுத்தினால் ஸ்விங் ஆர்மைத் தாங்கிப் பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் ஸ்டாண்ட் அது. உன் வேலைக்கு அது போதும், செயினுக்கும் சரி, பின் டயருக்கும் சரி.

பேடாக்கில் இரண்டு வகை முனை வரும். ஒன்று ஸ்விங் ஆர்மில் திருகும் உருளையைக் கவ்வும் "வி" முனை. உருளை மாட்ட ஸ்விங் ஆர்மில் மரையோடு துளை இருக்க வேண்டும். துளை அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், 6 மில்லி, 8 மில்லி, 10 மில்லி என்று. யமஹாவில் பெரும்பாலும் 6. அளக்காமல் உருளை வாங்காதே. இன்னொன்று "எல்" வடிவ ரப்பர் முனை. ஸ்விங் ஆர்மை அடியிலிருந்து தாங்கும், துளை தேவையில்லை. இரண்டு முனையும் சேர்த்து விற்கிற ஸ்டாண்டாகப் பார்த்து வாங்கினால் பிறகு வேறு மோட்டாருக்கும் ஆகும்.

எத்தனை கிலோ தாங்கும் என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்காதே. உன் மோட்டார் 150 கிலோ சொச்சம், பேடாக் தூக்குவது பின்பாதியை மட்டும். வெல்டிங் சுத்தமாக இருக்கிறதா, அகலத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா, கைப்பிடி நீளமா, சக்கரம் பெரிதா என்று பார். கைப்பிடி நீளமாக இருந்தால் ஒரு கையால் அழுத்தலாம். சின்னப் பிளாஸ்டிக் சக்கரம் வெடித்த சிமெண்டில் மாட்டிக்கொள்ளும்.

சிப்புட் பையன்

ரொம்ப நன்றி அண்ணே. தனியாகத் தூக்க முடியுமா? பயமாக இருக்கிறது.

பழைய ஃபோர்மேன்

முடியும். முதலில் மூக்கு வீட்டுப் பக்கம், வால் கேட்டுப் பக்கம் இருக்கும்படி நிறுத்து. ஸ்டாண்டில் இருக்கும் மோட்டார் முன்னால் உருண்டால்தான் ஸ்டாண்ட் எழும்பிக் கவிழும். மூக்கு மேட்டுப் பக்கம் இருந்தால் அது நடக்காது. சரிவுக்குக் குறுக்கே நிறுத்தவே கூடாது.

சைடு ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு பலகைத் துண்டு கொடு. மோட்டார் கொஞ்சம் நிமிரும், ஆனால் இடது பக்கமே சாய்ந்திருக்க வேண்டும். ரொம்ப நிமிர்ந்தால் வலது பக்கம் போய்விடும். ரப்பர் முனை இரண்டும் பின்சக்கர அச்சுக்கு முன்னால், ஸ்விங் ஆர்மின் தட்டையான இடத்தில் உட்கார்ந்ததா என்று குனிந்து பார். பின் பிரேக் குழாய் இடையில் நசுங்கக் கூடாது. கியர் நியூட்ரல். இடது கையால் பின் பிடியைப் பிடித்துக்கொண்டு வலது கையால் ஸ்டாண்டை மெதுவாகக் கீழே அழுத்து. தூக்கும்போது மோட்டார் கொஞ்சம் பின்னால் வரும், வரட்டும். அதனால் அப்போது முன் பிரேக்கைப் பிடிக்காதே. மேலே ஏறி நின்றபிறகு பழைய டியூப் துண்டால் முன் பிரேக் லீவரைக் கட்டு, முன்சக்கரத்துக்கு அடைப்புக் கட்டை கொடு.

முதல் நாள் பக்கத்து வீட்டு அண்ணனைக் கூப்பிட்டு வைத்துக்கொள். வெட்கப்படாதே.

கோலகங்சார் அக்கா

தம்பி, ஃபோர்மேன் அண்ணன் சொல்லாமல் விட்ட ஒன்று. சக்கரம் மேலே நிற்கிறதே என்று இஞ்சினை ஓட்டி, கியர் போட்டுச் செயினைச் சுற்ற விட்டுத் துணியால் துடைக்காதே. துணி ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரத்தில்) சிக்கினால் விரலும் சேர்ந்து போகும். எங்கள் தோட்டத்தில் ஒருவருக்கு ஆள்காட்டி விரல் இல்லை, அதனால்தான். இஞ்சினை அணைத்துக் கையால் சுற்று.

இன்னொன்று, செயின் தொய்வு. பேடாக் ஸ்விங் ஆர்மைத் தாங்குவதால் ஷாக் அப்சார்பர் அழுந்தியே இருக்கும், தரையில் நிற்கிற மாதிரிதான். ஆனால் அப்பாவின் இஎக்ஸ்5-ஐ டபுள் ஸ்டாண்டில் போட்டால் பின்சக்கரம் தொங்கும், அப்போது தொய்வு வேறு மாதிரி காட்டும். கையேட்டில் எந்த நிலையில் அளக்கச் சொல்லியிருக்கிறது என்று பார்த்து அப்படியே அள. இது தெரியாமல் நான் செயினை இறுக்கி வைத்து, கியர்பெட்டிப் பக்கத்து பேரிங் ஊளையிட்ட கதை எனக்கு உண்டு.

டைல்ஸ் ஈரமாக இருந்தால் தூக்காதே. நான் பழைய ரப்பர் பாய் ஒன்றை விரித்துக்கொள்கிறேன்.

ஈப்போ ரைடர்

ஹைட்ராலிக் மேசை லிஃப்ட் வாங்கினால் உட்கார்ந்தே வேலை பார்க்கலாமே. இல்லாவிட்டால் போர்ச் கூரைக் கம்பியில் லாரி பெல்ட் கட்டித் தொங்கவிடலாம், நான் பார்த்திருக்கிறேன்.

பழைய ஃபோர்மேன்

150 வெள்ளி வைத்திருக்கிற பையனிடம் ஆயிரத்தைத் தாண்டுகிற மேசையைக் காட்டாதே! அதை வைத்தால் போர்ச்சில் அப்பாவின் மோட்டாருக்கு இடம் இருக்காது. கூரை யோசனை வேண்டவே வேண்டாம். அந்தக் கம்பி கூரை ஓடுகளைத் தாங்கப் போட்டது, மோட்டாரை அல்ல.

சிப்புட் பையன்

முன்சக்கரம் கழற்ற?

பழைய ஃபோர்மேன்

அது வேறு ஸ்டாண்ட். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் அடியைத் தாங்குகிற வகையில் டயர் கழற்றலாம், ஆனால் ஃபோர்க்கையே கழற்ற முடியாது. அதற்கு ஸ்டியரிங் தண்டின் அடித் துளையில் ஊசி விட்டுத் தூக்குகிற வகை வேண்டும். எதுவானாலும் முதலில் பின்னால் பேடாக்கில் ஏற்றிவிட்டுத்தான் முன்னால் தூக்க வேண்டும். இறக்கும்போது முன்னால் முதலில். வருஷத்துக்கு ஒரு தடவைக்கு இப்போதே காசைக் கொட்டாதே, பட்டறைக்குப் போ.

சிப்புட் பையன்

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு முனையும் சேர்ந்த பேடாக் 115 வெள்ளிக்குக் கிடைத்தது. ஈப்போவில் கடைக்குப் போய்க் கையால் அசைத்துப் பார்த்து வாங்கினேன். முதல் தடவை ரப்பர் செயின் இழுக்கும் போல்ட் பக்கம் ஏறி வழுக்கியது. கழற்றி இரண்டு விரல் முன்னால் தள்ளி வைத்தேன், ஒரே அழுத்தில் ஏறிவிட்டது. பக்கத்து வீட்டு அண்ணன் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டே தே தாரிக் குடித்தார், பிடிக்க வேண்டிய அவசியம் வரவில்லை.

சக்கரத்தைக் கையால் சுற்றியபோதுதான் தெரிந்தது, செயின் ஓரிடத்தில் இறுகி மற்ற இடத்தில் தொங்குகிறது. அடுத்த சம்பளத்தில் செயின் செட் மாற்ற வேண்டும்.

கத்தரி ஜாக்கை விற்கலாம் என்றிருந்தேன். அப்பா அதை எடுத்துக்கொண்டு போய்ப் பின்கட்டில் புல் வெட்டும் மெஷினுக்கு அடியில் வைத்திருக்கிறார். கேட்டால், "160 வெள்ளி சும்மாவா கிடக்கும்?" என்கிறார்.