தம்பிக்கு ஊசிப் பழக்கம். தட்டைத் தனியாக வைக்க வேண்டுமா?

தமக்கை:
தம்பி போதைமருந்தை ஊசி வழியாக ஏற்றிக்கொள்கிறான் என்று தெரிந்ததிலிருந்து அம்மா அவனுடைய தட்டு, டம்ளர், துண்டு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டார். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை வந்துவிடும் என்று பயம். இப்போது அவன் முழங்கை மடிப்பு சிவந்து வீங்கி, தொட்டால் சுடுகிறது. நேற்றிரவு முதல் நடுக்கத்துடன் காய்ச்சல். போன முறை மருத்துவமனையில் எல்லோர் முன்னாலும் ஏசினார்களாம், வரவே மாட்டேன் என்கிறான். வீட்டிலேயே மருந்து கொடுத்துப் பார்க்கலாமா?

செவிலி:
வேண்டாம் அம்மா, இப்போதே அழைத்துப் போங்கள். நடுக்கக் காய்ச்சல் என்றால் கிருமி இரத்தத்தில் கலந்திருக்கலாம். அது இதய வால்வில் போய்த் தங்கினால் உயிருக்கே ஆபத்து. வீக்கத்தைப் பிதுக்காதீர்கள். ஊசிப் பழக்கத்தை மருத்துவரிடம் மறைக்கவும் வேண்டாம். அதைச் சொன்னால்தான் இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பார்கள், இதயத்தை ஸ்கேன் செய்வார்கள்.

தட்டால் எச்.ஐ.வி.யும் பரவாது, மஞ்சள் காமாலையை வரவைக்கும் ஹெபடைடிஸ் பி, சி என்ற கல்லீரல் தொற்று இரண்டும் பரவா. சவரக் கத்தி, நகவெட்டி, பல் துலக்கும் பிரஷ் மட்டும் தனியாக இருக்கட்டும். ஊசியைப் பகிர்வது மட்டுமல்ல, மருந்தைக் கரைக்கும் கரண்டி, தண்ணீர், வடிகட்டும் பஞ்சு ஆகியவற்றைப் பகிர்ந்தாலும் ஹெபடைடிஸ் சி தொற்றும். இதைப் பலர் அறிவதில்லை. தொற்றியிருந்தாலும் 8 முதல் 12 வாரம் மாத்திரை சாப்பிட்டால் 95 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்குக் குணமாகிறது. ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி உண்டு, வீட்டார் அனைவரும் போட்டுக்கொள்ளுங்கள்.

மீண்டவன்:
எனக்கும் தனித்தட்டு வைத்தார்கள். அதன்பின் பசித்தாலும் வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. ஊசி போடும் கூட்டத்தில் யாரும் என்னை ஒதுக்கவில்லை. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள் அக்கா.

இன்னொன்று. ஹெராயின் போன்ற மருந்தானால், சில வாரம் நிறுத்திய உடல் பழைய அளவைத் தாங்காது. சிகிச்சை முடிந்து திரும்பியவர் பழைய அளவையே போட்டு மூச்சடங்கிப் போவது இப்படித்தான். அப்படி மூச்சடங்குபவரை மீட்கும் நாலக்சோன் என்ற மருந்து கிடைத்தால் வீட்டில் வையுங்கள். அதன் வேலை 30 முதல் 90 நிமிடம்தான், பிறகு மூச்சு மீண்டும் அடங்கலாம். கண் விழித்துவிட்டார் என்று தனியே விடாமல் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

தமக்கை:
கிளம்பச் சம்மதித்துவிட்டான். ஆனால் அங்கே போதைமருந்தில்லாமல் உடல் முறுக்கும், பாதியில் ஓடிவிடுவேன் என்கிறான்.

செவிலி:
நியாயமான பயம். சேர்க்கும்போதே அதைச் சொல்லுங்கள். ஹெராயின் போன்றவற்றை நிறுத்தும்போது வரும் இந்தத் தவிப்பை அடக்கும் மருந்துகளான மெதடோன், பியுப்ரெனார்ஃபின் இரண்டும் 2005 முதல் உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. அந்தத் தவிப்பை அடக்க எதைத் தருவார்கள், எப்போது தருவார்கள் என்று முதல் மருத்துவரிடமே கேளுங்கள். நீங்களும் கூடவே இருங்கள்.