சாட்டா 3 போர்ட்டுக்காக மதர்போர்டையே மாற்ற வேண்டுமா?

பரந்தன் தம்பி:
கிளிநொச்சியில் கலியாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். மதர்போர்ட் பழையது, டிஸ்க்கை இணைக்கிற சாட்டா போர்ட் அதில் பழைய சாட்டா 2 வகை. புதிதாக வாங்கிய 2 டிபி ஹார்ட் டிஸ்க்கில் சாட்டா 3, 6 ஜிகாபிட் என்று போட்டிருக்கிறது. போர்டை மாற்றினால் வேகம் இரண்டு மடங்காகும் என்கிறார் கடைக்காரர். மாற்றலாமா?

குளக்கட்டு:
வேண்டாம் தம்பி, காசு வீண். 6 ஜிகாபிட் என்பது வயரின் கொள்ளளவு, டிஸ்க்கின் வேகம் இல்லை. சாட்டா 2 வயரில் செக்கனுக்கு 300 எம்பி போகும், சாட்டா 3 இல் 600. நிமிடத்துக்கு 7200 தடவை சுற்றும் டிஸ்க் வெளிவிளிம்பில் 200 எம்பி அளவில் தரும், உள்ளே போகப்போக அரைவாசிக்குக் கிட்ட இறங்கும். பழைய வயரையே அது நிரப்பவில்லை.

முறிகண்டியான்:
டிஸ்க்குக்குள் இருக்கிற சின்ன வேக நினைவகம், கேஷ் மெமரி, அதை மறந்துவிட்டீர்களே அண்ணை. அதிலிருந்து வருவது வயரின் முழு வேகத்தில் வரும்.

குளக்கட்டு:
64 எம்பி கேஷ் பழைய வயரிலேயே கால் செக்கனுக்குள் காலியாகிவிடும். 60 ஜிபி கலியாண வீடியோவுக்கு அது எம்மாத்திரம்? டைம்லைனில் அங்கும் இங்கும் தாவும்போது டிஸ்க் கறகற என்று சத்தம் போடுமே, அது தட்டை வாசிக்கிற முனை, ஹெட், இடம் தேடி ஓடுகிற சத்தம். ஓடுவதற்கு 8, 9 மில்லிசெக்கன், அப்புறம் தட்டு சுற்றி வர சராசரியாக இன்னும் 4. அவ்வளவு நேரமும் வயர் சும்மா கிடக்கிறது.

முறிகண்டியான்:
தம்பி நாளைக்கு எஸ்எஸ்டி, அதாவது சுற்றும் தட்டு இல்லாத சிப் டிஸ்க், வாங்கமாட்டாரா? 550 எம்பி வாசிக்கிற எஸ்எஸ்டி சாட்டா 2 இல் 280க்குக் கிட்ட நின்றுவிடும். வெளி டிஸ்க்கைப் பாருங்கள்: யூஎஸ்பி 2.0 இல் 35 எம்பி, அந்த 60 ஜிபிக்கு அரை மணித்தியாலம் வேண்டும். அதே டிஸ்க் யூஎஸ்பி 3.0 இல் 120 தந்தால் எட்டரை நிமிடம். போர்ட்டில் ஒன்றுமில்லை என்று எப்படிச் சொல்வது?

குளக்கட்டு:
யூஎஸ்பிக்கு நீங்கள் சொல்வது சரி, அங்கே டிஸ்க்கை விட வயர் ஒடுக்கம். அதற்கு போர்டில் செருகுகிற ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் யூஎஸ்பி 3.0 கார்ட் போதும். எஸ்எஸ்டியைப் பழைய போர்டிலேயே போடட்டும். விண்டோஸ் திறக்கையில் வாசிப்பதெல்லாம் துண்டு துண்டான ஃபைல்கள், அவை 280ஐத் தொடுவதே அபூர்வம். ஹெட் ஓடுகிற நேரம் இல்லாமல் போவதுதான் பெரிய லாபம்.

முறிகண்டியான்:
எடிட்டிங்கில் பெரிய ஃபைல்கள்தான் அண்ணை. எஸ்எஸ்டியில் இருந்து எஸ்எஸ்டிக்கு 60 ஜிபி மாற்றுகிறவருக்கு அந்த அரைவாசி நேரம் பெரிது. நான் என்றால் போர்டை மாற்றுவேன்.

மாங்குளத்தான்:
தம்பி, முதலில் பயோஸில், அதாவது கம்ப்யூட்டர் தொடங்கும்போது வரும் செட்டிங்கில், சாட்டா போர்ட் ஏஎச்சிஐ மோடில் இருக்கிறதா பாருங்கள். பழைய ஐடிஇ மோடில் இருந்தால் டிஸ்க் கட்டளைகளை வரிசைப்படுத்தி வாசிக்கிற வசதி வேலை செய்யாது. விண்டோஸில் டிரைவரைத் தயார்செய்யாமல் மட்டும் மோடை மாற்றிவிடாதீர்கள், நீலத் திரையில் நின்றுவிடும்.